மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போன் போடுங்கள்

அரிமா சங்கத்தில் (லயன்ஸ் கிளப்) வட்டாரத் தலைவர் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், வரும் ஜூலையில் ஏற்கப்போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துச் சங்கங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை. ஒரு விஷயத்தில் கோபமும் தீரவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் வட்டாரத் தலைவரானபோது பணியேற்பு விழா, பயிற்சி வகுப்பு, அரிமா மாவட்ட ஆளுநர் கையால் பதவிச் சின்னம் குத்திக்கொண்டது எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. ஒரு வட்டாரத்தில் நான்கிலிருந்து எட்டுச் சங்கங்கள் வரை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நேரில் போக வேண்டும், நிலைமையைப் பார்த்து மேலே அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கிளம்பிய பிறகு என்ன ஆகிறது என்பதை எந்தப் பயிற்சியிலும் சொல்வதில்லை.

முதலில் போன சங்கத்தின் பெயர் வேண்டாம். தலைவரிடம் ஒரு வாரம் முன்னாலேயே பேசியிருந்தேன். "தாராளமா வாங்க சார், சாயங்காலம் ஆறரைக்கு எல்லாரும் இருப்போம்" என்றார். முந்தின நாள் வாட்ஸ்அப்பில் நினைவுபடுத்தினேன், கட்டைவிரல் வந்தது. போய் இறங்கினால் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. தலைவர் போனை எடுக்கவில்லை. எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, "இன்னிக்கு யாரும் சாவி வாங்க வரலியேப்பா" என்றார். யார் யாரிடமோ கேட்டுச் செயலாளர் நம்பரைப் பிடித்தால், "நீங்க வர்றதே எனக்குத் தெரியாதுங்களே சார்" என்கிறார். அவர் மேல் என்ன தப்பு? தலைவர் மாங்காய் லோடு அனுப்பப் போனவர், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொருளாளர் பெங்களூரில். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போன் போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். குழுவில் போட்டதை எல்லாரும் பார்ப்பார்கள், ஒருவரும் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். செயலாளரிடம் பேசும்போதே மினிட்ஸ் நோட்டு, வருகைப் பதிவு, வங்கிப் புத்தகம் மூன்றும் எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள். போன பிறகு கேட்டால், "நோட்டு வீட்ல இருக்கு சார், அடுத்த தடவ காட்டறோம்" என்பார்கள்.

நம் பக்கத்தில் நாள் பார்ப்பது தனிக் கலை. அரிமா ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, எல்லாருக்கும் அந்த வேகத்தில் ஜூலையிலேயே ஒரு சுற்று முடித்துவிட ஆசை. ஆனால் கிருஷ்ணகிரி பக்கம் அது மாங்காய்க் காலம். உறுப்பினர்களில் தோப்புக்காரர், மண்டிக்காரர், மாங்கூழ் ஆலைக்கு லாரி அனுப்புகிறவர் என்று பாதிப் பேர் இருப்பார்கள். பெங்களூரா ரக மாங்காய் ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கும் வரை அவர்களைக் கூட்டத்தில் உட்கார வைக்க முடியாது, வைக்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆகஸ்ட் பாதிக்கு மேல் போங்கள். போச்சம்பள்ளிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சந்தை. எல்லா ஊரிலும் ஞாயிறு வசதி என்றால், அங்கே கடைக்காரர்களுக்கு அன்றுதான் மூச்சுவிட நேரமில்லாத நாள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் அக்டோபருக்கு மேல் கேழ்வரகு அறுவடை சமயத்தில் யானைகள் இறங்கும். உள்ளூர்க்காரர்கள் யாரும் பொழுது சாய்ந்தபின் பைக்கில் காட்டு ரோட்டில் போகமாட்டார்கள். அங்கே போவதானால் காலைக் கூட்டமாகவே வைக்கச் சொல்லுங்கள்.

பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, பஸ்தான். பெங்களூர் போகும் விரைவு வண்டியில் ஏறி, காவேரிப்பட்டணம் என்று கேட்டுத்தான் டிக்கெட் வாங்கினேன். பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார் நடத்துநர். "ஊருக்குள்ள போகாதுன்னு ஏறும்போதே சொல்லலாமில்ல?" என்றதற்குப் பதில் இல்லை, விசில்தான் வந்தது. நல்ல வெயில், கையில் ஆளுநர் அலுவலகம் கொடுத்தனுப்பிய சுவரொட்டிக் கட்டு வேறு. காரிமங்கலம், காவேரிப்பட்டணம் இரண்டுக்கும் தருமபுரியிலிருந்து ஊருக்குள் போய்வரும் வண்டியில் ஏறுங்கள். அரைமணி கூடுதலானாலும் பரவாயில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டைக்கு ரயில் நேரம் தோதாக அமைந்தால் அதைப்போல நிம்மதி வேறில்லை.

அப்புறம் சால்வை. இதில் என் கருத்து எல்லாருக்கும் பிடிக்காது. ஒரு ஊரில் வரவேற்புரை, சால்வை, சந்தன மாலை, நினைவுப் பரிசு, ஒவ்வொருவரோடும் தனிப் புகைப்படம் என்று ஒரு மணி நேரம் போய்விட்டது. கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது, "சாப்பாடு ஆறிடும் சார்" என்று எழுப்பிவிட்டார்கள். அன்பில் குறையே இல்லை, சாப்பாடும் அருமை. ஆனால் அந்தச் சங்கத்தில் என்ன சிக்கல் என்று தெரியாமலே ஊர் திரும்பினேன். அதற்குப் பிறகு, "சால்வை வேண்டாம், அந்தக் காசுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கி வையுங்கள், வந்து சேர்ந்து கொடுப்போம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் வருத்தப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டது.

இப்போது கோபம் தீராத விஷயத்துக்கு வருகிறேன்.

என் பட்டியலில் ஒரு சின்ன ஊர்ச் சங்கம் இருந்தது. தாளில் பார்த்தால் 32 உறுப்பினர்கள். இரண்டு ஆண்டாக ஒரு சேவை அறிக்கைகூட வரவில்லை, பன்னாட்டுத் தலைமைக்குக் கட்ட வேண்டிய சந்தா பாக்கி. மேலே பொறுப்பில் இருந்த ஒருவர், "அது செத்த கிளப், அங்க போய் ஏன் நேரத்த வீணாக்கறீங்க, எப்படியும் ரத்தாகிடும்" என்றார். இருந்தாலும் போனேன்.

மண்டபம் எல்லாம் கிடையாது. பொருளாளரின் உரக்கடைதான் கூடும் இடம். மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மொத்தம் 11 பேர், 11 பேரும் வந்திருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், சிலர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் குடிபோய்விட்டார்கள், சிலர் விட்டு விலகிவிட்டார்கள், மூன்று பேர் காலமாகிவிட்டார்கள். பட்டியலிலிருந்து யாரும் பெயரை நீக்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் ஜனவரியிலும், பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு தலைக்கும் சந்தா கேட்டு பில் வந்துவிடும். 11 பேர் சேர்ந்து 32 பேருக்கு எப்படிக் கட்டுவார்கள்? பயந்துபோய் பில்லைப் பிரிக்காமலே வைத்திருந்தார்கள்.

மினிட்ஸ் நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். பொருளாளர், எழுபதைத் தாண்டிய பெரியவர், தயங்கித் தயங்கிக் கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு டைரியை எடுத்தார். உரக் கம்பெனிக்காரர்கள் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் டைரி, அட்டையெல்லாம் பூச்சிமருந்து வாசனை. "இது மினிட்ஸ் இல்லீங்க தம்பி, சும்மா எழுதி வச்சது" என்றார். பிரித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் ஒரு பெயர், வயது, தெரு. அதன் கீழே "தகவல் வந்தது 4.10, வண்டி வந்தது 6.35" என்று நேரம். அதற்கும் கீழே வீட்டார் கையெழுத்து, ஒன்றிரண்டு இடத்தில் கைநாட்டு. எல்லாம் கண் தானம்.

இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும் என்பது தெரிந்திருக்கும். வெளியூரிலிருந்து கண் வங்கி வண்டி வந்து சேர்வதற்குள் வீட்டாரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி வைக்க வேண்டும். சாவு வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்களிடம் போய் இதைப் பேசுவது லேசான காரியமா? இவர்கள் அந்த இரண்டு ஆண்டும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். 1925-இல் அமெரிக்காவில் நடந்த அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அந்த வேலையை ஓசையில்லாமல் செய்த சங்கத்துக்கு நம் ஏட்டில் சேவை பூஜ்யம்.

"ஏங்கய்யா இத அனுப்பல?" என்றேன். "இணையத்துல போடணுமாம், எங்களுக்குத் தெரியாதுங்க. பழைய செயலாளர் தம்பிதான் போடுவாரு, அவரு துபாய் போயிட்டாரு" என்றார்.

அங்கிருந்துதான் அடுத்த அலைச்சல். உறுப்பினர் பெயரை நீக்கவும், அறிக்கை ஏற்றவும் சங்கப் பொறுப்பாளர் அரிமா இணையதளத்தில் தன் கணக்கில் நுழைய வேண்டும். புதுப் பொறுப்பாளர்கள் பெயரையே யாரும் பதிவு செய்யாததால் எல்லாம் துபாய்த் தம்பி பெயரில் கிடந்தது. கடவுச்சொல் மறந்துவிட்டது, மாற்றப் போனால் சரிபார்ப்பு எண் அவர் பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. அவருக்கு வேலை முடியும்போது நமக்கு ராத்திரி. நல்ல பையன், "அண்ணா, எனக்காக முழிச்சிருக்கீங்களே" என்று சங்கடப்பட்டு, லீவு நாளில் உட்கார்ந்து எண்ணைச் சொல்லி, முதல் வேலையாகப் புதுச் செயலாளரின் பெயரை ஏற்றிக் கொடுத்தார். உங்கள் வட்டாரத்தில் எந்தச் சங்கத்துக்குப் போனாலும் இதை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: பதிவில் செயலாளராக இருப்பது யார், அவர் மின்னஞ்சல் யாரிடம் இருக்கிறது? கூட்டம் முடிவதற்குள் அந்த ஊர் ஆட்களை அவர்கள் போனிலேயே நுழைய வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சேவை அறிக்கையைத் தமிழில் எழுதி, டைரிப் பக்கங்களைப் படமெடுத்து மேலே அனுப்பினேன். இரண்டாம் நாள் திரும்பி வந்தது. பார்வையிட்ட பொறுப்பாளர் எழுதியிருந்த காரணம்: நிகழ்ச்சிப் புகைப்படம் இல்லை, பேனர் இல்லை.

போன் போட்டேன். "சாவு வீட்ல பேனர் புடிச்சு நின்னு போட்டோ எடுக்கச் சொல்றீங்களா சார்?" என்றேன். அவர், "விதிமுறை அப்படித்தான், நான் என்ன பண்ணட்டும்" என்றார். அதற்குமேல் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று வைத்துவிட்டேன். இவரே ஒரு காலத்தில் சங்கத் தலைவராக இருந்தவர். ஒரு கருவிழி இன்னொருவர் கண்ணில் போய்ப் பொருந்துவதைவிட ஒரு பேனர் பெரிய சான்றாக எப்படித் தெரிகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெரியவர்தான் வழி சொன்னார். "தம்பி, கண் எடுத்துட்டுப் போறவங்க வீட்டாருக்கு ஒரு சான்றிதழ் தருவாங்களே, அது ஆகாதா?" கண் வங்கிக்கு நேரில் போய் டைரியில் இருந்த தேதிகளைக் கொடுத்தேன். அங்கே பதிவேடு பார்த்த பெண், ஒரு கேள்வி கேட்காமல் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, சங்கத்தின் பெயருக்கே முத்திரையோடு கடிதம் எழுதிக் கொடுத்தார். டைரிக்கும் பதிவேட்டுக்கும் ஒரு தேதிகூட மாறவில்லை. கடிதத்தை இணைத்து, இந்தமுறை ஆளுநருக்கே நகல் போட்டு அனுப்பினேன். மறுவாரம் ஏற்றுக்கொண்டதாகத் தகவல் வந்தது. கண் தானத்துக்குப் புகைப்படம் கேட்க வேண்டியதில்லை, கண் வங்கிக் கடிதமே போதும் என்று எல்லா வட்டாரத் தலைவர்களுக்கும் ஆளுநர் அலுவலகம் செய்தி அனுப்பியது. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இதே காரணம் சொல்லி அறிக்கை திரும்பியிருந்தால், கடிதம் வாங்கி மறுபடி அனுப்புங்கள். விட்டுவிடாதீர்கள்.

பாக்கிதான் மிச்சம். பழைய பாக்கி பழைய பாக்கிதான், அதில் ஒரு சலுகையும் கிடையாது. பதினொருவரும் பங்கு போட்டார்கள், என் சொந்தச் சங்கத்து நண்பர்கள் சிலரும் கொடுத்தார்கள். விலகியவர்கள் பெயரை டிசம்பர் முடிவதற்குள் நீக்கிவிட்டோம், ஆகவே ஜனவரி பில் 11 பேருக்கு மட்டும் வந்தது. ஆள் குறைந்துவிட்டால் சங்கத்தை மூடிவிடுவார்கள் என்று அவர்களிடம் யாரோ பயம் காட்டியிருந்தார்கள். புதுச் சங்கம் தொடங்கப் பட்டயம் வாங்கத்தான் 20 பேர் வேண்டும், இருக்கிற சங்கம் பணத்தை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு நடக்கலாம். இதையும் உங்கள் ஊர்களில் எடுத்துச் சொல்லுங்கள், இந்தப் பயத்திலேயே செத்த பெயர்களைப் பட்டியலில் சுமந்துகொண்டிருக்கும் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன.

அந்த உரக்கடைக் கூட்டத்துக்கு இந்த மாதமும் போகிறேன். ஊரில் இரண்டு ஆசிரியர்கள் சேர விரும்புகிறார்களாம். விண்ணப்பப் படிவம் பத்து எடுத்து வைத்திருக்கிறேன், செயலாளருக்கும் பொருளாளருக்கும் தலைவருக்கும் தனித்தனியாகப் பேசியாயிற்று.