தட்டில் வைப்பது நம் வேலை, சாப்பிடுவது குழந்தையின் வேலை

"எதைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கிறான்" என்று வருகிற பெற்றோரிடம் எங்கள் முதல் கேள்விகள் சாப்பாட்டு நேரத்தைப் பற்றியவை. யார் ஊட்டுகிறார்கள்? எவ்வளவு நேரமாகிறது? டிவி ஓடுகிறதா? கடைசியில் யார் அழுகிறார்கள்? பாதிச் சிக்கல் அந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும்.

2 முதல் 6 வயதுவரை பழகாத உணவைக் கண்டு பின்வாங்குவது வளர்ச்சியின் ஒரு கட்டம். முதல் வயதில் பிறந்த எடையைப்போல மூன்று மடங்காகும் குழந்தை, இரண்டாம் வயதில் இரண்டரை கிலோ அளவுக்குத்தான் கூடும். பசியும் அதற்கேற்பக் குறையும். இது தெரியாமல் பெற்றோர் பயந்துபோய்க் கரண்டியோடு பின்னால் ஓடத் தொடங்குகிறார்கள்; குழந்தையின் மறுப்பு அங்கேதான் இறுகுகிறது.

"இதைச் சாப்பிட்டால் சாக்லேட்" என்பது அன்றைக்கு வேலை செய்யும், பிறகு கெடுக்கும். லீஆன் பர்ச்சும் சக ஆய்வாளர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பரிசுக்காகக் குடிக்கவைத்த பானத்தின் மேல் குழந்தைகளுக்கு இருந்த விருப்பம் குறைந்தது. அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த பங்கீட்டையே நாங்கள் சொல்கிறோம்: என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும், எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு.

புதிய உணவைப் பட்டாணி அளவுக்கு மட்டும் வையுங்கள். வேகவைத்த கேரட் என்றால் ஒரே துண்டு, நன்றாகப் பிடித்த உணவுக்குப் பக்கத்தில், அதோடு ஒட்டாமல். பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்கிவிட்டுத் துப்புவது எல்லாமே முன்னேற்றம். துப்புவதற்கு ஒரு சின்னக் கிண்ணம் வைத்தாலே சில குழந்தைகள் துணிந்து வாயில் போடுவார்கள். ஓர் உணவு பழக 10, 15 முறைகூட ஆகலாம். பெரும்பாலான வீடுகளில் மூன்று நான்கு முறையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பாகிவிடுகிறது, அதுவும் குழந்தையின் காதுபடவே! பிடித்த உணவுக்குள் ஒளித்துக் கொடுத்தால், கண்டுபிடித்த அன்று அதையும் ஒதுக்கிவிடுவார்கள்.

வேளைகளுக்கு நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும். பாலை நாளுக்கு 500 மில்லிக்குள் நிறுத்துங்கள். அதிகமானால் பசியை அடைக்கும், இரும்புச்சத்துக் குறைவுக்கும் வழிவிடும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல்.

திட்டம் உடைவது பெரும்பாலும் பெரியவர்களிடையே. அம்மா தட்டை எடுத்த பத்தாவது நிமிடம் பாட்டி பிஸ்கட்டை நீட்டுவார். பாசத்தில் செய்வதுதான், கண்டித்துப் பயனில்லை. பாட்டியையும் அழைத்து வரச் சொல்லி, முதல் சில நாள் குழந்தை குறைவாகவே சாப்பிடும் என்பதை அவருக்கும் முன்கூட்டியே விளக்குகிறோம். காய்களை ஒதுக்கிவைக்கும் அப்பாவிடமும் பேசியாக வேண்டும்.

எடை குறைவது, விழுங்கும்போது அடிக்கடி இருமுவது, வாந்தியெடுப்பது, பழகிய உணவுகளும் ஒவ்வொன்றாக நின்று சாப்பிடும் உணவு வகைகள் 20க்கும் கீழே சுருங்குவது இவற்றில் ஏதாவது இருந்தால் பொறுத்திருக்க வேண்டாம். முதலில் குழந்தை மருத்துவர் பார்க்கட்டும்.