எதுவுமே பழுதாகாமல் ட்ரோன் எப்படி விழும்?

பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றைச் செய்கிறோம். பத்து லிட்டர் டேங்க், ஆறு மோட்டார், உள்ளே ட்ரோனைத் தானாக ஓட்டும் ஆர்டுபைலட் என்ற மென்பொருள். வயலின் எல்லையைக் குறித்துக் கொடுத்தால் தானே பறந்து, தெளித்து, திரும்பி வரும். இதற்கு ஆபத்துப் பகுப்பாய்வு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் எல்லோரையும்போல எஃப்எம்இஏ போட்டேன், அதாவது எந்தப் பாகம் பழுதானால் என்ன ஆகும் என்ற பட்டியல். எக்செல்லில் பாகம் பாகமாக: மோட்டார் நின்றால் என்ன, ஜிபிஎஸ் போனால் என்ன, பேட்டரியில் ஒரு செல் படுத்தால் என்ன. சலிப்பான வேலைதான், ஆனால் வீண் இல்லை. டேங்க் நிறைந்திருக்கும்போது ஒரு மோட்டார் போனால் தாங்குமா என்பதை உட்கார்ந்து கணக்குப் போட வைத்தது அதுதான்.

அப்புறம் எஸ்டிபிஏ. கட்டளைகளில் ஒளிந்திருக்கும் ஆபத்தைத் தேட, அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் நான்சி லெவ்சன் உருவாக்கிய முறை. ஜான் தாமஸுடன் சேர்ந்து 2018-இல் அவர் எழுதிய கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இதில் பாகங்களிலிருந்து தொடங்குவதில்லை. யார் யாருக்குக் கட்டளையிடுகிறார்கள், பதிலுக்கு என்ன தகவல் வருகிறது என்று முதலில் படம் வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டளைக்கும் நாலு கேள்வி: கொடுக்காவிட்டால் ஆபத்தா? கொடுப்பதே ஆபத்தா? முந்தியோ பிந்தியோ கொடுத்தால்? சீக்கிரம் நிறுத்தினாலோ, நிறுத்தாமல் நீட்டினாலோ?

‘புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு’ என்ற கட்டளைக்கு வந்தபோது ‘கொடுப்பதே ஆபத்தா?’ என்ற இரண்டாவது கேள்விக்கான கட்டம் காலியாகவே கிடந்தது. ரிமோட் சிக்னல் அறுந்தால் காப்பாற்றுவதற்கென்றே வைத்த வசதி அது, அதில் என்ன ஆபத்து? பொள்ளாச்சிப் பக்கம் மருந்தடிக்கப் போய்வரும் எங்கள் பைலட் அண்ணன்தான் கேட்டார்: “தம்பி, அது நேர்கோட்டுல தானுங்களே வரும்? நடுவுல தென்னந்தோப்பு இருந்தா?”

பார்த்தோம். ஆர்டுபைலட்டில் திரும்பும் உயரத்தை மாற்றாமல் விட்டால் 15 மீட்டர். அதுவரை ஏறி, நேர்கோட்டில் வரும். நெட்டைத் தென்னை 20 மீட்டரைக்கூடத் தாண்டி வளரும். மோட்டார், ஜிபிஎஸ், மென்பொருள் எல்லாம் சொன்னபடி வேலை செய்தபடியே மட்டையில் மோதி, கீழே களை எடுப்பவர்கள்மேல் விழும். எஃப்எம்இஏ பட்டியலில் இதற்கு வரியே கிடையாது, எதுவும் பழுதாகவில்லையே! 1999-இல் செவ்வாயில் தொலைந்த நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் விண்கலத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். கால்கள் விரிந்தபோது எழுந்த சிக்னலைத் தரை தொட்டதாக எடுத்துக்கொண்டு, சுமார் 40 மீட்டர் உயரத்திலேயே மென்பொருள் எஞ்சினை அணைத்துவிட்டிருக்கலாம் என்பதுதான் விசாரணைக் குழு முன்வைத்த முதன்மையான காரணம்.

உயரத்தை எல்லா இடத்துக்கும் 40 மீட்டர் ஆக்கிவிடலாம் என்றார் ஒருவர். டேங்க் நிறைய மருந்தோடு, தீரப்போகும் பேட்டரியில் அவ்வளவு உயரம் ஏறுவது இன்னொரு ஆபத்து. கடைசியில், சுற்றுவட்டாரத்தில் உயரமான மரம் எவ்வளவு என்று பைலட் பதிவிடாவிட்டால் மோட்டாரே சுழலாதபடி மாற்றினோம். கண்மதிப்பாகச் சொல்லும் உயரம் தப்பாகலாம் என்பதால், அதற்கு மேலே ஐந்து மீட்டர் கூட்டி, அதையே திரும்பும் உயரமாக ட்ரோன் எடுத்துக்கொள்கிறது.

அடுத்த வரி இன்னும் இழுபறியில் இருக்கிறது. புறப்பட்ட இடம் என்பது பெரும்பாலும் வேன் நிற்கும் ரோட்டோரம். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் கூடும் இடமும் அதுவே. இறங்காமல் மேலேயே நின்று பைலட்டின் அனுமதியைக் கேட்கச் செய்யலாம். ஆனால் சிக்னல் அறுந்துதானே திரும்பியிருக்கிறது, அனுமதி எப்படிப் போய்ச் சேரும்? புறப்படும் இடத்தைத் தள்ளி வைத்துக் கயிறு கட்டச் சொல்கிறேன் நான். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது என்கிறார் அண்ணன்.