கிளப்பிலிருந்து வெளியே வந்த பதினைந்து நாள்

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. காலைப் பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். டீம் மேனேஜர் வந்து, "குளித்துவிட்டு ஆபீஸ் பக்கம் வா, ஐந்து நிமிஷ வேலை" என்று இந்தியில் சொன்னார். அந்த வேலை முடிய ஆகஸ்ட் 31 சாயங்காலம் ஆகிவிட்டது. இப்போது கேம்ப்பில் இருக்கும் தம்பிகள் யாருக்காவது இதே அழைப்பு வந்தால், நான் விட்ட தப்பை அவர்கள் விடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் கால்பந்து வீரன், லெஃப்ட் பேக், அதாவது இடது பின்களத்தில் ஆடுபவன். ஊர் சென்னை வியாசர்பாடி. கிளப்பின் பெயர் வேண்டாம், வடக்கே ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 மே 31 வரை ஒப்பந்தம் இருந்தது. முந்தைய சீசனில் 11 மேட்ச் ஆடியிருந்தேன், காயம் எதுவும் இல்லை. அந்த அழைப்புக்கு ஐந்து நாள் முன்னால்தான், ஆகஸ்ட் 12 அன்று, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக எங்கள் நந்தகுமார் அடித்த கோலை ஹாஸ்டல் அறையில் போனில் பார்த்துக் கத்தினோம். கொல்கத்தாவின் இந்த இரண்டு கிளப்பும் மோதும் டெர்பியில் நாலரை வருஷத்துக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது அன்றுதான். எங்கள் சென்னைப் பையன் அடித்த கோல். அந்த சந்தோஷம் அடங்குவதற்குள் எனக்கு இப்படி.

ஆபீஸ் சுவரில் ஒரு வெள்ளை போர்டு. எங்கள் பெயர்களைக் காந்தப் பட்டையில் எழுதி, ஆடும் இடத்தின்படி ஒட்டி வைத்திருப்பார்கள். இடது பின்களத்தில் முந்தின நாள் வரை மூன்று பட்டை இருந்தது. அன்று இரண்டுதான். என் பெயர் எழுதிய பட்டை கீழே, மார்க்கர் பேனா வைக்கும் தட்டில் கிடந்தது. மேனேஜர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

காரணம் என்னவென்று அப்புறம் உதவிப் பயிற்சியாளர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அது அவருடைய கடமை இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு சென்டர் பேக்கை எடுத்துவிட்டார்கள். அதனால் ஏற்கெனவே நடுவில் ஆடிய இந்திய வீரர் தேவைப்பட்டால் இடது பக்கம் போவார். இன்னொரு லெஃப்ட் பேக் 21 வயதுக்கு உட்பட்டவன், சம்பளமும் குறைவு, அவனை வைத்துக்கொண்டே ஆக வேண்டும். மீதி நான், 26 வயது. "உன் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை, கணக்கில் நீ வெளியே வந்துவிட்டாய்" என்றார். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை என்று நம்புகிறேன். நிர்வாகம் உட்கார்ந்து பார்ப்பது யார் நல்ல ஆட்டக்காரன் என்பதை மட்டும் இல்லை. ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஆடுவானா, எத்தனை மாத ஒப்பந்தம் மீதி இருக்கிறது, வெளியே அனுப்ப எவ்வளவு செலவாகும், இதெல்லாம்தான் அங்கே பேச்சு. இது தெரிந்திருந்தால் ஜூலையிலேயே ரைட் பேக்கிலும் ஆட முடியும் என்று கேட்டுப் பார்த்திருப்பேன்.

மேஜை மேல் ஆங்கிலத்தில் ஒரே பக்கக் கடிதம். இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம், ஒரு மாதச் சம்பளம் தரப்படும், அதன்பின் யாருக்கும் யாரிடமும் பாக்கி இல்லை. பேனாவையும் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். ஜூலை சம்பளமே இன்னும் வரவில்லை. அந்தப் 'பாக்கி இல்லை' வரியில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஜூலையும் போயிருக்கும்.

"வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். ஏஜென்ட் கிடையாது. கோயம்புத்தூரில் சென்னை சிட்டி ஐ-லீக் ஜெயித்த காலத்திலிருந்து கிளப் கிளப்பாக ஆடிய ஒரு அண்ணன் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். "டேய், அழுவதென்றால் ரூமுக்குப் போய் அழு, இப்போது கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பு" என்றார். படித்துவிட்டு மூன்று வரி சேர்க்கச் சொன்னார். ஒப்பந்தம் எந்தத் தேதியோடு முடிகிறது என்ற வரி. எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் வரும் என்ற வரி, ஜூலை சம்பளத்தையும் சேர்த்து. மூன்றாவது, புதிய கிளப் எதுவாக இருந்தாலும் பழைய கிளப் பணம் எதுவும் கேட்காது, சி.ஆர்.எஸ்.ஸில், அதாவது எந்த வீரர் எந்தக் கிளப் என்று பதியும் ஆன்லைன் சிஸ்டத்தில், என் பதிவை உடனே விடுவிக்கும் என்ற வரி.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் அவர் சொன்னார். சீசன் நடக்கும்போது கிளப் தன்னிஷ்டத்துக்கு ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது என்பது ஃபிஃபா விதி. தகுந்த காரணம் இல்லாமல் முறித்தால், மீதி மாதங்களின் சம்பளத்தைக் கணக்கிட்டு நஷ்டஈடு கேட்கலாம். இடையில் வேறு கிளப்பில் சேர்ந்தால் அங்கே வரும் சம்பளத்தை அதில் கழிப்பார்கள். இரண்டு மாதச் சம்பளம் நின்றுவிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்துவிட்டு, வீரரே வெளியேறலாம். எனக்கு நின்றது ஒரு மாதம்தான், அதனால் அந்த வழி இல்லை. ஆனால் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட நிமிஷத்தில் இந்த உரிமைகள் எல்லாவற்றையும் நாமே விட்டுக்கொடுக்கிறோம். அதற்குத்தான் அவர்கள் பணம் தருகிறார்கள். நமக்கு இரக்கப்பட்டுத் தருவதாக நினைத்துக்கொண்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரக் கூடாது.

எனக்கு ஒன்பது மாதம் மீதி இருந்தது. வழக்காடினால் இந்தியக் கால்பந்து சம்மேளனமான ஏ.ஐ.எஃப்.எஃப்.பின் பிளேயர் ஸ்டேட்டஸ் கமிட்டிக்குப் போக வேண்டும், அது முடிவதற்குள் சீசன் போய்விடும். ஆடாமல் உட்கார மனசு வரவில்லை. மறுநாள் காலை போய் நாலு மாதம் கேட்டேன். மத்தியானம் வரை இழுத்தார்கள். கடைசியில் மூன்று மாதமும் ஜூலை பாக்கியும். பாதி ஆகஸ்ட் 31க்குள், பாதி அக்டோபர் 31க்குள். மூன்று வரியும் கடிதத்தில் ஏறியது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பேரம் பேசி ஜெயித்தேன். அப்பா போனில் இரண்டு தடவை "மூன்று மாதமா?" என்று கேட்டார்.

தப்பு அதற்கப்புறம் நடந்தது. ஊருக்குப் போகும் அவசரம். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் டீம் மேனேஜர், சீல் இல்லை. நான் கவனிக்கவில்லை. கிட் எல்லாம் ஒப்படைத்தேன், ஆனால் ரசீது கேட்கவில்லை. கிட் பார்க்கும் சாச்சாவிடம் ஜெர்சி, டிராக் சூட், எவ்வளவு ஓடுகிறோம் என்று கணக்கெடுக்கப் பயிற்சியில் போடும் ஜி.பி.எஸ். பனியன், அதன் முதுகுப் பையில் இருக்கும் கருவி எல்லாம் கொடுத்தேன். அவர் கட்டிப்பிடித்து, "போய் நன்றாக ஆடு பேட்டா" என்றார். அவரிடம் போய் எப்படி ரசீது கேட்பது என்று தோன்றியது. கேளுங்கள். நல்ல மனிதர்களிடமும் கேளுங்கள். நாளைக்கு அவர்கள் இல்லாத நேரத்தில்தான் அந்தக் காகிதம் பேச வேண்டியிருக்கும்.

இரண்டு ராத்திரி ரயில். 20ஆம் தேதி சென்னை. 22ஆம் தேதி வேறொரு கிளப்பிலிருந்து போன், அவர்களுடைய லெஃப்ட் பேக்குக்கு முழங்காலில் அடி. சம்பளம் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. ஒப்பந்தம் இரண்டே நாளில் முடிந்தது. அவர்கள் சி.ஆர்.எஸ்.ஸில் விண்ணப்பம் போட்டார்கள், அது அப்படியே நின்றது. பழைய கிளப்பின் ஒப்புதல் வரவில்லை. சிஸ்டத்தில் நான் இன்னும் 2024 மே வரை அவர்கள் வீரன்.

டிரான்ஸ்ஃபர் ஜன்னல், அதாவது கிளப் மாறிப் பதிவு செய்ய அனுமதிக்கும் காலம், ஆகஸ்ட் 31 அன்று மூட இருந்தது. ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிட்டால் அப்புறமும் ஃப்ரீ பிளேயராகச் சேரலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். விதியில் அப்படி இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்தது என்பதே சிஸ்டத்தில் ஏறவில்லையே! புதிய கிளப் மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, 31க்குள் வரவில்லை என்றால் நாங்கள் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்."

25ஆம் தேதி ஒரு நாள் முழுக்க வீண். யாரோ சொன்னார்கள் என்று சென்னையிலேயே ஒரு அலுவலகத்துக்குப் போனேன். காலை 10 மணியிலிருந்து பெஞ்சில் உட்கார வைத்து, மூன்றரைக்கு ஒருவர் வந்து, கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இதில் சீல் எங்கே? இவர் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரா?" என்றார். நியாயமான கேள்விதான். அதைப் பத்து மணிக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன். பழைய கிளப்பின் ஒப்புதல் இல்லாமல் இங்கே யாராலும் எதுவும் செய்ய முடியாது. வீணாக அலையாதீர்கள்.

பழைய கிளப் ஆபீஸில் பதிவு வேலை பார்க்கும் பையன் முதல் மூன்று நாள் போனையே எடுக்கவில்லை. 26ஆம் தேதி எடுத்தான். "உங்கள் பெயரில் ஜி.பி.எஸ். கருவி ஒன்று பாக்கி இருக்கிறது. அது வராமல் நோ டியூஸ் கிடையாது. நோ டியூஸ் இல்லாமல் ஒப்புதல் கிடையாது." சாச்சாவிடம் கொடுத்தேன் என்றேன். சாச்சா லீவில் ஊருக்குப் போயிருக்கிறார். கருவிக்குப் பணம் கட்டினால் முடித்துத் தருகிறேன் என்று அவன் சொன்ன தொகை எனக்கு வர வேண்டிய முதல் தவணையில் கிட்டத்தட்ட பாதி.

அம்மா வளையலைக் கழற்றி மேஜையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு நண்பனிடம் கடன் வாங்கி 28ஆம் தேதி விமானத்தில் போனேன். ஆபீஸில் அந்தப் பையன் இல்லை. மறுநாள் வந்தான். ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொன்னேன், சாவி இல்லை என்றான். ஃபிசியோ அறையில்தான் கருவிகளைச் சார்ஜ் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அங்கே போய்க் கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கருவி. என்னுடையது 14. பதினான்காவது குழி காலி. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். 22ஆம் குழியில் இருந்ததன் பின்பக்கத்தில் 14 என்று வெள்ளை ஸ்டிக்கர், ஓரத்தில் என் கையாலேயே எழுதிய என் பெயரின் முதல் எழுத்து. கை நடுங்கியது. படம் எடுத்தேன், அந்தப் பையன் முகமும் தெரிகிற மாதிரி.

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். ஒப்புதல் தர வேண்டியவர் மேலே ஒருவர், அவர் 30ஆம் தேதி ராக்கி என்று வரவில்லை. 31 காலை 9 மணிக்கே போய் அவர் அறைக் கதவுக்கு எதிரே நின்றேன். பழைய கடிதத்தை அவர் கையெழுத்தோடும் சீலோடும் புதிதாக வாங்கினேன், ஒப்பந்தம் முடிந்த தேதி ஆகஸ்ட் 17 என்றே இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். நான் நின்றுகொண்டிருந்த விஷயமே அவருக்கு யாரும் சொல்லவில்லையாம். சிஸ்டத்தில் ஒப்புதல் கொடுக்க அவருக்கு இரண்டு நிமிஷம் ஆனது.

மாலை 5.40க்குப் புதிய கிளப் மேனேஜர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். என் பெயருக்கு எதிரே அவர்கள் கிளப். ஸ்டேடியத்துக்கு வெளியே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அப்புறம் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் போன்.

ஏஜென்ட் இல்லாதவர்கள், இப்படி ஒன்று வந்தால் கையெழுத்துப் போடும் முன்பே ஃபுட்பால் பிளேயர்ஸ் அசோசியேஷனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நான் 27ஆம் தேதிதான் கூப்பிட்டேன், பத்து நாள் தாமதம். அறைச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், சி.ஆர்.எஸ்.ஸில் உங்கள் ஒப்பந்தம் முடிந்ததாகக் காட்டும் பக்கத்தை அவர்கள் கம்ப்யூட்டரிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டும் வரை ஹாஸ்டலை விட்டுக் கிளம்பாதீர்கள்.

முதல் தவணை செப்டம்பர் 4 அன்று வந்தது. இரண்டாவது, மூன்று மெயில் போட்ட பிறகு, நவம்பர் 20. இரண்டிலும் டி.டி.எஸ். என்று 10 சதவீதம் வருமான வரி பிடித்திருக்கிறார்கள், ஆனால் என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தைத் திறந்து பார்த்தால் முதல் தவணைக்குப் பிடித்த பணம்கூட இன்னும் ஏறவில்லை. அந்தப் பையனுக்கு நாளைக் காலை மறுபடியும் போன் போட வேண்டும்.