பழைய வெள்ளிக் காசு விற்கப் போகிறீர்களா?

பழைய அமெரிக்கக் காசை விற்கப் போகிறவர்கள், கடைக்காரர் தராசை எடுப்பதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு முறை எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காலமான கணவர் காப்பி டின் நிறையச் சேர்த்து வைத்திருந்த காசை விற்றுத் தரச் சொன்னார்.

பிரிப்பது சுலபம். 1964 வரை வந்த டைம் (பத்து சென்ட்), குவாட்டர் (கால் டாலர்), அரை டாலர் எல்லாம் 90 சதவீதம் வெள்ளி. 1965-இல் சட்டம் மாறிய பிறகு வந்த குவாட்டரின் விளிம்பைப் பார்த்தால் நடுவே செம்புக் கோடு ஓடும். வெள்ளிக் காசில் அது இருக்காது. சந்தேகம் வந்தால் எடை போடுங்கள்: வெள்ளி குவாட்டர் 6.25 கிராம், அடுத்து வந்தது 5.67.

வில்லங்கமே அரை டாலரில்தான். கென்னடி தலை போட்டதில் 1964 மட்டும் 90 சதவீதம். 1965 முதல் 1970 வரை 40தான். நான் போன அடகுக்கடையில் இருந்த பையன் எல்லா அரை டாலரையும் ஒரே குவியலாகத் தள்ளி, "இதெல்லாம் நாற்பது" என்றான். வருடத்தைப் பார் தம்பி என்றால் காதில் வாங்கவில்லை. அந்தக் குவியலில் பிராங்க்ளின் தலை போட்டவையும் கிடந்தன! அவை 1948 முதல் 1963 வரை வந்தவை, அத்தனையும் 90. பழைய அரை டாலர் இரண்டில் 22.5 கிராம் வெள்ளி இருக்கிறது. நாற்பது சதவீதக் காசு இரண்டில் 9.2 கிராம்தான். பாதி விலைகூடக் கிடைத்திருக்காது.

நிக்கல் என்றே பெயருள்ள ஐந்து சென்ட் காசுகளை வேறு, "நிக்கலில் ஏது வெள்ளி" என்று திருப்பித் தள்ளினான். இரண்டாம் உலகப் போரில் நிக்கல் உலோகம் படைக்குத் தேவைப்பட்டதால் 1942 நடுவிலிருந்து 1945 வரை 35 சதவீதம் வெள்ளி கலந்து அடித்தார்கள். பின்பக்கம் மான்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே, அடித்த நாணயச்சாலையைக் குறிக்கும் பி, டி, எஸ் என்று ஏதாவது ஓர் எழுத்து பெரிதாக நிற்கும். அதைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினான். டின்னை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் நாணய வியாபாரி ஒருவரைத் தேடிப் போனேன். விற்பவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்று அங்கே திருப்பி அனுப்பினார்கள். போனில் கேட்டபோது இதைச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேர டிரைவ் மிச்சமாகியிருக்கும்.

மறுபடி அந்த அம்மாவையே கூட்டிப் போனேன். இந்த வியாபாரி பேசியது தொழில் தெரிந்த பேச்சு. 90 சதவீதக் காசில் முகமதிப்பு ஒரு டாலருக்கு 0.715 அவுன்ஸ் வெள்ளி என்று கணக்கு, புதுக்காசில் 0.723 இருக்கும், தேய்மானத்துக்குத்தான் கொஞ்சம் கழிக்கிறார்கள். வெள்ளி அவுன்ஸ் 30 டாலர் என்றால் நான்கு பழைய குவாட்டரை உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் மதிப்பு 21 டாலருக்குச் சற்று மேலே. அதில் அவர் லாபம் போகத்தான் கையில் வரும், அது நியாயம். ஆனால் இந்த அவுன்ஸ் 31.1 கிராம், சமையலறைத் தராசு காட்டும் 28.35 கிராம் அவுன்ஸை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள்.

டின்னில் 1916 டைம் ஒன்று இருந்தது. அந்த வருடம் டென்வர் நாணயச்சாலையில் அடித்த, மெர்க்குரி என்று சொல்லும் வகை டைம் 2,64,000தான், அதனால் அதற்குப் பெரிய விலை. வியாபாரி லென்ஸ் வைத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார். டென்வரைக் குறிக்கும் டி எழுத்து இல்லை. போகட்டும். மார்கன் டாலர் என்கிற பழைய வெள்ளி ஒரு டாலர் காசு இரண்டில் ஒன்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது, போலி. நல்லது 26.73 கிராம் இருக்க வேண்டும், காந்தத்தில் ஒட்டவே கூடாது.

இன்னொன்று: குத்துவிளக்கு துலக்குகிற பழக்கத்தில் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்பவர்களிடம் விலை விழுந்துவிடும்.

பேரத்தில் அந்த அம்மா என்னைவிடக் கெட்டி. போர்க்கால நிக்கலையும் சேர்த்து எடுத்தால்தான் மற்றதைத் தருவேன் என்று பிடிவாதமாக நின்றார், வியாபாரி எடுத்துக்கொண்டார். நாற்பது சதவீதக் கென்னடிகளுக்குச் சொன்ன விலை மட்டும் பிடிக்கவில்லை. அவற்றைப் பேரப்பிள்ளைகளுக்கென்று பையில் போட்டுக்கொண்டு, மீதிக்குக் காசோலை வாங்கிக்கொண்டார்.