விதிவிலக்கு கட்டிலருகே வரும்போது

டெக்சாஸின் கருக்கலைப்புத் தடை பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மவர்கள் பலர் உடனே சொல்வது, "அதான் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் செய்யலாம் என்று விதிவிலக்கு இருக்கிறதே" என்பதுதான். இருக்கிறது, உண்மை. ஹூஸ்டனில் பிரசவ வார்டு நர்ஸாக வேலை பார்க்கிறேன், அந்த விதிவிலக்கு கட்டிலருகே வந்து சேரும்போது என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. நோயாளிகளின் அடையாளம் தெரியக்கூடிய எதையும் எழுதவில்லை.

கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று ரத்து செய்தது. அந்த ஆகஸ்ட் 25 முதல் இங்கே முழுத் தடை. மீறும் டாக்டருக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம், குறைந்தது 1,00,000 டாலர் அபராதம், லைசென்ஸும் போகும். பாலியல் வன்கொடுமையால் உண்டான கருவுக்கு விலக்கு இல்லை. பிறந்தாலும் பிழைக்காது என்று ஸ்கேனில் தெரிந்துவிட்ட சிசுவுக்கும் இல்லை. விலக்கு கிடைக்க, கர்ப்பத்தால் தாயின் உயிர் ஆபத்தில் இருக்க வேண்டும், அல்லது உடலின் முக்கிய இயக்கம் ஒன்று பெரிதும் கெட்டுப்போகும் நிலை இருக்க வேண்டும். எவ்வளவு ஆபத்து, எந்த நேரத்தில்? அதை அப்போது சட்டம் சொல்லவில்லை.

சரி, வார்டுக்கு வருவோம். பதினெட்டாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்து ஒரு பெண் வருகிறார், தண்ணீர் அநேகமாக முழுக்க வடிந்துவிட்டது. அந்த வாரத்தில் பிறக்கும் குழந்தையை எந்த ஐ.சி.யூ.வாலும் காப்பாற்ற முடியாது. நாங்கள் படித்த பாடத்தில் இதற்கு இரண்டு வழிகள்: மருந்து கொடுத்து வலி வரவைப்பது, இல்லையென்றால் தொற்று வருகிறதா என்று கவனித்தபடி காத்திருப்பது. எது வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெண். தடை வந்தபின் சிசுவின் இதயம் துடிக்கிறவரை முதல் வழியை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடத் தயங்கினார்கள்.

அதனால் என் வேலை காத்திருப்பதைக் குறித்து வைப்பதாக ஆனது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை டெம்பரேச்சர், நாடி, பி.பி. பார்ப்பேன், அடிவயிற்றைத் தொட்டால் வலிக்கிறதா என்று கேட்பேன், பேடில் வாடை வருகிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன், அப்புறம் டாப்ளர் கருவி வைத்து சிசுவின் இதயத்துடிப்பு. சார்ட்டில் 99.1 இருக்கும், அடுத்த முறை 99.4. அது 100.4-ஐத் தொட்டால் நான் டாக்டரைக் கூப்பிடுவேன், அவர் இன்னொரு டாக்டரைக் கேட்பார், இருவரும் ஆஸ்பத்திரி வக்கீலிடம் பேசுவார்கள். காய்ச்சலுக்கும் பி.பி. சரியத் தொடங்குவதற்கும் நடுவே சில சமயம் சில மணி நேரம்தான் இருக்கும், அந்த நேரத்தில்தான் இந்தப் போன்களெல்லாம் நடக்கும். ஒருமுறை ஒரு தமிழ்த் தம்பதி. கணவர் வராந்தாவில் என்னிடம் கேட்டார், "அக்கா, இப்ப காய்ச்சல் வரணும்னு வேண்டிக்கிறதா, வரக்கூடாதுன்னு வேண்டிக்கிறதா?"

என்னோடு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு மூத்த நர்ஸ் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், கருக்கலைப்பை மனதார எதிர்ப்பவர். இப்படி ஒரு நோயாளியைப் பார்த்துக் கொதித்துப்போனவரும் அவர்தான். "இதைத் தடுக்கச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை" என்றார். நம்புகிறேன். ஆனால் தப்பாகக் கணித்தால் டாக்டருக்குச் சிறை என்று எழுதிவிட்டு, அவர் தைரியமாகக் கணிப்பார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? நோயாளி போதுமான அளவுக்கு மோசமாகட்டும் என்று எல்லோரும் காத்திருக்கும் நிலை அங்கேதான் பிறக்கிறது.

ஆஸ்டினைச் சேர்ந்த அமாண்டா ஸுராவ்ஸ்கிக்கு 2022-இல் நடந்ததும் இதுதான். பனிக்குடம் உடைந்தது, சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸ் வந்தபிறகே பிரசவிக்க வைத்தார்கள். அவரும் மற்றவர்களும் போட்ட வழக்கில் 2024 மே மாதம் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், மரணம் நெருங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சட்டம் தெளிவாகவே இருக்கிறது என்றது. அமாண்டாவுக்கு நடந்ததற்குப் பத்து வருடம் முன்பே, 2012-இல், அயர்லாந்தின் கால்வேயில் நம் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் பதினேழாவது வாரத்தில் இதே காத்திருப்பில் செப்சிஸ் வந்து இறந்துபோனார். அந்த நாடு 2018-இல் வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சாசனத்தையே மாற்றிக்கொண்டது.

இங்கே மாற்றம் துண்டு துண்டாக வருகிறது. 2023-இல் ஒரு சட்டம், பனிக்குடம் முன்கூட்டியே உடைந்ததற்கும் கருக்குழாயில் தங்கிய கருவுக்கும் சிகிச்சை தந்த டாக்டர் வழக்கு வந்தால் அதைத் தற்காப்பாகச் சொல்லலாம் என்றது. வழக்கு வந்தால்! 2025-இல் வந்த சட்டம் இன்னும் தெளிவானது: ஆபத்து கண்முன்னே வந்து நிற்க வேண்டியதில்லை. இது நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் இருபதாவது வார ஸ்கேனில் சிசு பிழைக்காது என்று கேட்டவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. வசதியும் லீவும் விசாவும் சரியாக இருப்பவர்கள் நியூ மெக்சிகோவுக்கு விமானம் ஏறுகிறார்கள். மற்றவர்கள் மாதம் நிறையும்வரை சுமந்து எங்கள் வார்டுக்கே வருகிறார்கள், கடையில் யாரோ "எத்தனையாவது மாதம்?" என்று சிரித்தபடி கேட்டதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் எங்களிடம் சொல்கிறார்கள்.