கறைக்கு எந்த ர/ற?

"சட்டையில் கரை படிந்துவிட்டது" என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சின்ன ர போட்டால் அது ஆற்றங்கரை, வேட்டிக்கரை. படிவது கறை, பெரிய ற.

நிறம் கெடுவதற்கெல்லாம் கறை என்று சொல்லிவிடவும் முடியாது. காகிதம் பழுப்பேறும். பித்தளையில் களிம்பு ஏறும், இரும்பில் துரு பிடிக்கும், பல்லில் காவி பிடிக்கும். அழுக்கு மேலே ஒட்டுவது, சோப்புக்குப் போய்விடும். கறை நூலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வது. அதனால்தான் ஒவ்வொரு கறைக்கும் வெவ்வேறு மருந்து.

ரத்தக்கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் அதிலுள்ள புரதம் உறைந்து நூலைப் பிடித்துக்கொள்ளும். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் விட்டு அலசுங்கள் (சாயத் துணி என்றால் முதலில் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்). பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், துரு இன்னும் அழுத்தமாகிவிடும். வாழைக்கறை முதலில் நிறமே காட்டாது. காற்றுப் பட்டுக் கறுத்த பிறகு போக்குவது பெரும்பாடு, ஈரமாக இருக்கும்போதே அலசிவிட வேண்டும்.

பழந்தமிழில் கறை என்ற சொல்லுக்கு அரசனுக்குச் செலுத்தும் வரி என்றும் பொருள் உண்டு. கறுப்பு என்ற பொருளும் உண்டு. நஞ்சுண்டு கழுத்துக் கறுத்த சிவன் கறைமிடற்றண்ணல். புறநானூற்றின் கடவுள் வாழ்த்து அந்தக் கறையை அணி என்றே பாடுகிறது. இன்றைக்கு "கறை படியாத கை" என்று நேர்மையைச் சொல்கிறோம். அதே சொல்தான், அதே பெரிய ற.