மஞ்சள் பைக்குள் இருந்த 2 புள்ளிகள்

எம்.டி. பொது மருத்துவச் செய்முறைத் தேர்வை நான் இரண்டாவது முறைதான் தாண்டினேன். முதல் முறை சறுக்கியது லாங் கேஸில், அதாவது ஒரே நோயாளியை விரிவாகப் பரிசோதித்துச் சொல்லும் பகுதியில். வந்தது கல்லீரல் புற்றுநோய். படிக்காமல் போய் விழுந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஐந்து அளவுகளுக்குப் புள்ளி போட்டுச் சொல்லும் சைல்ட்-பியூ அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன், அப்படியும் கோட்டை விட்டேன். அடுத்து எழுதப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

நோயாளிக்கு 56 வயது. பல வருடக் குடி, சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிப் போவது), கல்லீரலின் வலது பக்கத்தில் 6 செ.மீ. அளவில் ஒரே கட்டி. ரத்தத்தில் பிலிருபின் (பித்த நிறமி) 1.8, ஆல்புமின் (ஈரல் செய்யும் புரதம்) 3.1, ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) 1.4. வயிற்றைத் தட்டிப் பார்த்தேன், நீர் தெரியவில்லை. கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். மணிக்கட்டை மேலே மடக்கிக் கைகளை நீட்டச் சொன்னேன், நடுக்கம் இல்லை. ஈரல் கெட்டால் வரும் குழப்பம் இல்லை என்று முடிவு கட்டினேன். ஆல்புமினுக்கு 2, மற்ற நான்குக்கும் ஒவ்வொன்று, ஆக 6. சைல்ட் ஏ, மூன்று படிகளில் நல்ல படி. "கட்டியை வெட்டி எடுக்க யோசிக்கலாம் சார்" என்றேன். குரலில் கொஞ்சம் கர்வமும் இருந்திருக்கும்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் கம்பியில் தொங்கிய மஞ்சள் பையைக் காட்டி, "அதுல என்னப்பா இருக்கு?" என்றார். எனக்குத் தெரியாது. நான் திறந்தே பார்க்கவில்லை. கொட்டினால், பாதி தீர்ந்த ஸ்பைரனோலாக்டோன் அட்டை, ஃபுரோசிமைடு (இரண்டும் நீரை வடிக்க), மூடி பிசுபிசுத்த ஒரு லாக்டுலோஸ் பாட்டில் (குழப்பத்தைத் தெளிவிக்க). அவர் என்னை விட்டுவிட்டு நோயாளியின் மனைவி பக்கம் திரும்பினார். "போன மாசம் வயிறு பானை மாதிரி இருந்துச்சு சார். ராத்திரி பூரா முழிச்சிருப்பாரு, பகல்ல தூங்குவாரு. என்னையே யாருன்னு கேட்டாரு" என்றார் அந்த அம்மா.

மருந்தால் அடங்கியிருக்கும் நீருக்கு 1 இல்லை, 2. மருந்தால் தெளிந்திருக்கும் குழப்பத்துக்கும் 2. மொத்தம் 8, சைல்ட் பி. நான் சொன்ன ஆபரேஷன் அவரைக் கல்லீரல் செயலிழப்பில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். ஆகவே நோயாளியைத் தொடும் முன் மருந்துப் பையைக் கேளுங்கள், தூக்கத்தைப் பற்றி வீட்டாரிடம் கேளுங்கள்.

இந்தக் கேஸில் தேர்வாளர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான். படுக்கையில் ஒரே ஆள், ஆனால் நோய் இரண்டு: கட்டி ஒன்று, கெட்டுப்போன ஈரல் இன்னொன்று. கட்டியின் அளவு மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான். சோராஃபெனிப் முதலான கல்லீரல் புற்றுநோய் மருந்துகளின் பெரிய ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சைல்ட் ஏ ஆட்கள். வெட்டி எடுப்பதானால் மிச்சம் எவ்வளவு ஈரல் நிற்கும் என்பதும் கணக்கு. நல்ல ஈரலுக்கு 20 சதவீதம் மிஞ்சினாலும் சமாளிக்கும், சிரோசிஸ் இருந்தால் 40 வேண்டும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்த அட்டவணையின் சரித்திரம் கேட்பார்கள். 1964-இல் சைல்டும் டர்காட்டும் வகுத்தபோது ஐந்தில் ஒன்று 'ஊட்டச்சத்து நிலை'. அது கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பு. 1973-இல் பியூ குழுவினர் அதை எடுத்துவிட்டு புரோத்ராம்பின் நேரத்தை (ரத்தம் உறையும் நேரம், ஐ.என்.ஆர். இதிலிருந்து வருவதுதான்) வைத்தார்கள். இரண்டுமே ரத்தக்கசிவுக்கான ஆபரேஷன்களை ஒட்டிப் பிறந்தவை, புற்றுநோய்க்காக அல்ல. ஐந்தில் நீரும் குழப்பமும் இன்னும் பார்ப்பவர் கையில்தான் இருக்கின்றன. நான் வழுக்கியதும் அங்கேதான்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2015-இல் ஆல்பி (ALBI) என்ற கணக்கு வந்தது. ஆல்புமினும் பிலிருபினும் மட்டும் போதும். பிலிருபினின் லாக் (10 அடிமானம்) மதிப்பை 0.66-ஆல் பெருக்கி, அதிலிருந்து ஆல்புமின் பெருக்கல் 0.085-ஐக் கழிக்க வேண்டும். யூனிட்டில் ஏமாந்துவிடாதீர்கள்: பிலிருபின் லிட்டருக்கு மைக்ரோமோலில், அதாவது நம் மில்லிகிராம் எண்ணை 17.1-ஆல் பெருக்கி. ஆல்புமின் லிட்டருக்கு கிராமில், அதாவது 3.1 என்பது 31. என் நோயாளிக்கு மைனஸ் 1.65 வருகிறது. மைனஸ் 2.60 அல்லது அதற்கும் கீழே இருந்தால்தான் கிரேடு 1, இவர் கிரேடு 2. பையைத் திறக்காமலேயே இந்தக் கணக்கு என்னை உஷார்ப்படுத்தியிருக்கும். போட்டுப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதிகளை 'ஃபங்ஷன்' என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். அவை காயத்தைக் காட்டும், வேலைத்திறனைக் காட்டாது. ஆல்புமினின் அரை ஆயுள் ஏறக்குறைய மூன்று வாரம், ஏழாம் உறைவுக் காரணிக்குச் சில மணி நேரம்தான். அதனால் திடீர்ச் சரிவு முதலில் ஐ.என்.ஆரில்தான் தெரியும். கட்டி பித்தக் குழாயை அழுத்தினாலும் பிலிருபின் ஏறும், ஐ.என்.ஆரும் ஏறலாம். வைட்டமின் கே ஊசி போட்ட பின் ஐ.என்.ஆர். இறங்கினால் அடைப்பைச் சந்தேகியுங்கள்.

சைல்ட் ஏ என்றே வந்தாலும் போர்ட்டல் அழுத்தத்தை (குடலிலிருந்து ஈரலுக்கு வரும் ரத்தக் குழாயின் அழுத்தம்) தொடாமல் விடாதீர்கள். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே, மண்ணீரல் வீக்கம், எண்டோஸ்கோப்பியில் வேரிசஸ் (புடைத்த ரத்தக் குழாய்கள்) என்று வரிசையாகச் சொல்லலாம். குழாய் விட்டு அளந்தால் 10 மி.மீ. பாதரசமோ அதற்கு மேலோ இருந்தால் பொருட்படுத்த வேண்டிய அழுத்தம். ஜப்பானியர்கள் பெரிதும் நம்பும் பச்சைச் சாயச் சோதனையையும் ஒரு வரி தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இண்டோசயனின் கிரீன் செலுத்தி, 15 நிமிடம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் பெரிய வெட்டையும் தாங்கும் என்பது ஜப்பானிய சர்ஜன் மக்குவுச்சி வகுத்த கணக்கு. அதற்கு மேல் அட்டவணையை மனப்பாடம் செய்வது, என்னைக் கேட்டால், நமக்கு வேண்டாத வேலை. சர்ஜரிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம், சைல்ட்-பியூவை மொத்த எண்ணாக மட்டும் சொல்லாதீர்கள். ஐந்தையும் தனித்தனி வரியில் எழுதி, பக்கத்தில் 'மருந்தோடு' அல்லது 'மருந்தில்லாமல்' என்று குறித்துவிடுங்கள். இரண்டாவது முறை எனக்கு வந்தது மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு சுருக்கம்), கல்லீரலுக்கு வேலையே இல்லை. ஆனாலும் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக, "அம்மா, மாத்திரைப் பை எங்கே?" என்றுதான் கேட்டேன்.